முதல் ஆல்பத்திலிருந்து கடைசி ஆல்பம் வரை: வாசகர் கேள்வி–பதில்

பிடித்த இசைக் கலைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய முதல் ஆல்பத்திலிருந்து கடைசி ஆல்பம் வரை ஒன்றையும் விடாமல் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி ‘எதற்கு?’ என்று கேட்கின்றன, மீதி ‘எப்படி?’ என்று கேட்கின்றன. இரண்டுக்கும் இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

எந்தக் கலைஞரானாலும் நல்ல பாட்டு என்று இருபது முப்பதுதான் தேறும். அவற்றை யாரோ ஏற்கெனவே பொறுக்கிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு நாற்பது ஆல்பத்தையும் ஏன் கேட்க வேண்டும்? – கணக்கர் ஒருவர்

பட்டியலில் நல்ல பாட்டுகள் கிடைக்கும். அவற்றைப் போட்ட ஆள் கிடைக்கமாட்டார். எனக்கு ஆள் முக்கியம்.

அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சிறந்த பாட்டுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் 1972-இல் வந்த ‘டாக்கிங் புக்’ தொடங்கி 1976-இல் வந்த ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்’ வரை உள்ள ஆல்பங்களிலிருந்து ஒரு பெரும் பங்கை அள்ளியிருப்பார்கள். சரி, அள்ளட்டும், எல்லாமே அருமையான பாட்டுகள். ஆனால் ‘டாக்கிங் புக்’ அவருடைய 15-ஆவது ஸ்டுடியோ ஆல்பம். முதல் ஆல்பம் 1962-இல் வந்தபோது அவருக்கு வயது 12. அதிலிருந்து பத்து வருடங்கள் பெரும்பாலும் கம்பெனி தீர்மானித்ததைத்தான் செய்தார். மவுத் ஆர்கன் வாசித்தார், ரே சார்ல்ஸ் பாட்டுகளைப் பாடினார், கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டார். 1971-இல் 21 வயது நிறைந்தபோது பழைய ஒப்பந்தம் முடிந்தது. என் இசையை நான்தான் தீர்மானிப்பேன் என்ற உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு புது ஒப்பந்தம் போட்டார். அதற்கப்புறம் வந்த ஆல்பங்களில் டிரம்ஸ் உட்படப் பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்திருக்கிறார்.

1962-இலிருந்து நடந்து வருகிறவர் 1972-க்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்வார். பத்து வருடம் மற்றவர்கள் சொல்படி பாடிய ஒரு பையன், வாலிபனாகி, தனக்குத் தோன்றியதை முதன்முறையாக வாசிக்கிறான் என்பது அந்த ஒலியிலேயே தெரியும். பட்டியலில் தொடங்கியவருக்கு அதே பாட்டு நல்ல பாட்டாக மட்டும் இருக்கும். அது எதிலிருந்து விடுபட்டு வந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. நான் வரிசையை வலியுறுத்துவது இதற்காகத்தான்.

யாரிலிருந்து தொடங்கலாம்? – கல்லூரி மாணவி

சிறியதிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக் உயிரோடு இருந்தபோது வந்தவை மூன்றே ஆல்பங்கள், மூன்றும் சேர்ந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஒரு மாலையில் கேட்டு முடித்துவிடலாம். மூன்றாவதான ‘பிங்க் மூன்’ (1972) வரும்போது முந்தைய இரண்டிலும் கூடவே வந்த வயலின்களும் மற்ற கருவிகளும் காணாமல் போயிருக்கும். கிட்டத்தட்ட முழு ஆல்பமும் ஒரு குரலும் ஒரு கிட்டாரும்தான். ‘பிங்க் மூன்’ ஆல்பத்தைத் தனியாகக் கேட்டவருக்கு அது எளிமையான ஆல்பம். முதல் இரண்டையும் கேட்டுவிட்டு வந்தவருக்கு அங்கே என்னவெல்லாம் இல்லை என்பதும் சேர்ந்து கேட்கும்.

அடுத்து டாக் டாக் என்ற ஆங்கிலேயக் குழு. 1982 முதல் 1991 வரை ஐந்து ஆல்பம், மொத்தம் நான்கு மணி நேரத்துக்குள். முதல் ஆல்பம் அந்தக் காலத்து சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) பாப். கடைசி ஆல்பமான ‘லாஃபிங் ஸ்டாக்’ ஜாஸும் இல்லாமல் ராக்கும் இல்லாமல், நீண்ட மௌனங்களோடு நகர்கிற ஏதோ ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் ஒரே குழு என்று யாரும் நம்பமாட்டார்கள். நடுவில் உள்ள மூன்றையும் கேட்டால் ஒவ்வொரு படியும் தெரியும். முக்கியமாக மூன்றாவதைக் கவனியுங்கள், ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ (1986). சிந்தசைசர் பின்னால் போய் பியானோ, ஆர்கன், கிட்டார் எல்லாம் முன்னால் வருகிற இடம் அது. ஒரு குழு தன் மனதை மாற்றிக்கொள்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற வேறு ஐந்து ஆல்பங்களை நான் கேட்டதில்லை.

அதற்கும் அப்புறம் ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழு, 1993 முதல் 2016 வரை ஒன்பது. பாட்டெழுதிப் பாடும் பாப் டிலனும் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் நிறைய ஆல்பம் போட்டவர்கள், பொறுமையாக வரட்டும்.

வெளிவந்த வரிசையில் கேட்பதா, பதிவு செய்யப்பட்ட வரிசையில் கேட்பதா? இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லையே? – ஆசிரியர் ஒருவர்

நல்ல கேள்வி. நான் பல வருடங்கள் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தேன். பக்க எண் மாறினால் என் கண் அங்கேயே நின்றுவிடும். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு.

ராக், பாப், நாட்டார் பாடகர்கள் என்றால் முதல்முறை வெளிவந்த வரிசை. இரண்டாம் முறை கேட்பதாக இருந்தால் பதிவான வரிசை. பீட்டில்ஸ் குழுவின் கடைசி ஆல்பமாக ‘லெட் இட் பீ’ 1970 மே மாதம் வந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி 1969 ஜனவரியில் பதிவானது. 1969 செப்டம்பரில் வந்த ‘அபே ரோட்’ அதற்குப் பிறகு பதிவானது. வெளியீட்டு வரிசையில் கேட்டால் அலுத்துப்போய் முடிகிற குழுவாகத் தெரியும். பதிவு வரிசையில் கேட்டால், சண்டையிட்டுக் களைத்தவர்கள் மறுபடி ஒன்றுகூடி, கவனமாக, முழுப் பலத்தோடு ஒரு கடைசி வேலையைச் செய்துவிட்டுப் பிரிவது தெரியும். எனக்கு இரண்டாவதுதான் உண்மைக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது. ஆனால் அன்றைய ரசிகர்கள் வாழ்ந்தது முதல் வரிசையில். அதனால் இரண்டையும் கேளுங்கள்.

பாடகர் நீல் யங் விஷயம் இன்னும் அழுத்தமானது. ‘டுநைட்ஸ் தி நைட்’ ஆல்பத்தின் பெரும்பகுதியை 1973-இல் பதிவு செய்தார். போதைமருந்துக்குப் பலியான இரண்டு நண்பர்களை நினைத்துச் செய்த ஆல்பம் அது. குரல் உடைகிறது, வாசிப்பு தடுமாறுகிறது, எதையும் சரிசெய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார். அது வெளிவந்தது 1975-இல். அதற்குள் 1974-இல் ‘ஆன் தி பீச்’ வந்துவிட்டது. ‘ஆன் தி பீச்’ கேட்கும்போது இவர் ஏன் இவ்வளவு இருண்டு போயிருக்கிறார் என்று தோன்றினால், விடை அடுத்து வந்த ஆல்பத்தில் இருக்கிறது.

ஜாஸ் என்றால் தயங்காமல் பதிவுத் தேதிதான். மைல்ஸ் டேவிஸ் பெரிய கம்பெனிக்கு மாறுவதற்காக, பிரஸ்டீஜ் என்ற பழைய கம்பெனிக்குத் தரவேண்டிய பாக்கியை 1956-இல் மே 11, அக்டோபர் 26 என்ற இரண்டே நாள் பதிவில் தீர்த்தார். அந்த இரண்டு நாளில் பதிவானதை அந்தக் கம்பெனி ஒரேயடியாக வெளியிடவில்லை. நான்கு ஆல்பமாகப் பிரித்து 1957-இலிருந்து 1961 வரை ஒவ்வொன்றாக விட்டது. நடுவில் 1959-இல் ‘கைண்ட் ஆஃப் புளூ’ வந்துவிட்டது. வெளியீட்டு வரிசையில் போனால், ‘கைண்ட் ஆஃப் புளூ’ கேட்டு முடித்த பிறகு அவர் திடீரென்று மூன்று வருடம் பின்னால் போய் வாசிப்பதாகக் காதுக்குப் படும். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் அப்படித்தான். 1963 மார்ச்சில் பதிவான ஓர் ஆல்பம் முழுசாக 2018-இல்தான் வெளியே வந்தது. அதை 2018-இல் வைத்து என்ன செய்வது? 1963-இல் வைத்தால், அடுத்த வருட இறுதியில் அவர் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பத்துக்குப் போகும் பாதையில் அது ஒரு படி.

லைவ் ஆல்பம், தனிப் பாட்டாக வந்தவை, தொகுப்புகள், இறந்தபின் வந்தவை, இதெல்லாம் கணக்கில் சேருமா? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

தொகுப்புகள் சேராது. தனிப் பாட்டுகள் கட்டாயம் சேரும். பீட்டில்ஸ் குழுவின் ‘ஹே ஜூட்’, ‘ஷி லவ்ஸ் யூ’ இரண்டும் அவர்களுடைய பிரிட்டிஷ் ஸ்டுடியோ ஆல்பம் எதிலும் கிடையாது. ஆல்பங்களை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அவற்றைத் தாண்டிப் போய்விடுவீர்கள். 1988-இல் வந்த ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ தொகுப்பில் இப்படி வெளியே நிற்கும் பாட்டுகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து அந்தந்த வருடத்தில் செருகிக்கொள்ளுங்கள். இன்னொன்று: 1967-க்கு முன் அமெரிக்காவில் வந்த பீட்டில்ஸ் ஆல்பங்கள் வேறு மாதிரியானவை. ‘ரிவால்வர்’ பிரிட்டனில் 14 பாட்டு, அமெரிக்காவில் 11. பிரிட்டிஷ் வரிசையைப் பிடியுங்கள், அவர்கள் நினைத்து வைத்த வரிசை அதுதான்.

லைவ் ஆல்பத்தில் புதிய பாட்டு இருந்தாலோ, அந்த மேடையே கலைஞரின் முகத்தை மாற்றியிருந்தாலோ சேர்க்கிறேன். ஜேம்ஸ் பிரவுன் 1962 அக்டோபரில் அப்பல்லோ அரங்கில் பாடி 1963-இல் வெளியிட்ட பதிவை விட்டுவிட்டு அவருடைய ஆல்பங்களைக் கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இறந்தபின் வந்தவற்றை அவர் முடித்துக் கையெழுத்துப் போட்டவற்றோடு கலக்காதீர்கள். கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இருந்தபோது வந்த ஸ்டுடியோ ஆல்பம் மூன்று. அவர் போனபின் வந்தவற்றில் எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தவர்கள் மற்றவர்கள். கேளுங்கள், ஆனால் தனியாகக் கேளுங்கள்.

மோசமான ஆல்பம் என்று எல்லோரும் சொல்வதையும் கேட்க வேண்டுமா? ஒருவரின் எண்பதுகளில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிக்கிறேன். – பொறியாளர் ஒருவர்

கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நீங்கள் யாருடைய எண்பதுகளில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் அறுபதுகளில் தொடங்கிய பலருக்கும் எண்பதுகள் கஷ்டகாலம்தான். நீல் யங்கையே மறுபடி எடுத்துக்கொள்கிறேன். 1982-இல் ‘டிரான்ஸ்’ என்று ஓர் ஆல்பம். கிட்டாரும் மவுத் ஆர்கனுமாக அறிமுகமான மனிதர், வோக்கோடர் என்ற கருவி வழியாகக் குரலை இயந்திரக் குரலாக மாற்றிப் பாடுகிறார். வார்த்தை புரியாது. அடுத்த வருடம் ஐம்பதுகளின் ராக் அண்டு ரோல் பாணியில் அரை மணி நேரம்கூட ஓடாத ஓர் ஆல்பம். இது நீல் யங் போலவே இல்லை என்று அவருடைய கம்பெனியான கெஃபன் அவர் மீதே வழக்குப் போட்டது! ஒரு கலைஞர் தன்னைப் போல் இல்லை என்று வழக்கு.

ஆனால் ‘டிரான்ஸ்’ பற்றி நீல் யங் பின்னாளில் சொன்னது வேறு. பேச முடியாத நிலையில் இருந்த தன் சின்ன மகனோடு பேச முயன்ற முயற்சி அது என்றார். மகன் சொல்வது தனக்குப் புரியவில்லை, அதனால் தான் பாடுவது கேட்பவருக்குப் புரியாமல் போகிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்த ஆல்பத்தை மறுபடி போட்டபோது எனக்கு அந்த இயந்திரக் குரல் தாங்கமுடியாத அளவுக்கு மனிதக் குரலாகக் கேட்டது. அவருடைய ஆல்பங்களில் நான் அதிகம் திரும்பிப் போவது இன்று அதற்குத்தான். தோல்வி என்று முத்திரை குத்தியதை நம்பித் தாண்டிப் போயிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

எல்லா மோசமான ஆல்பத்துக்கும் அடியில் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சில ஆல்பங்கள் அசதியில் வந்தவை, சில ஒப்பந்தத்துக்காக வந்தவை. அவற்றையும் ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட்டு நகருங்கள். பாப் டிலன் 1970 ஜூனில் ‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’ என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டு விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நான்கே மாதத்தில் ‘நியூ மார்னிங்’ வந்தது. முதலாவதைக் கேட்காமல் இரண்டாவதைக் கேட்டால் அது இதமான ஒரு சின்ன ஆல்பம், அவ்வளவுதான். கேட்டுவிட்டு வந்தால், அதில் உள்ள ஆசுவாசம் உங்களுக்கும் சேர்த்து வருகிறது.

உங்களுக்கு ஒரு யோசனை: எண்பதுகளில் மாட்டிக்கொண்டால் வேகத்தைக் கூட்டுங்கள், வரிசையைக் கலைக்காதீர்கள். நல்ல ஆல்பத்தை இரண்டு முறை கேட்டு நகருங்கள், பிடிக்காததை ஒருமுறை.

இரவுப் பணியில் கேட்கலாமா? வேலை பார்த்துக்கொண்டே கேட்பது கேட்பதாகுமா? – செவிலியர் ஒருவர்

ஆகும், முதல் தடவைக்கு. ஆனால் நோயாளி கூப்பிடும் சத்தத்தை மறைக்கிற மாதிரி இரண்டு காதையும் அடைத்துக்கொள்ள வேண்டாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலையோடு கேட்கும்போது எந்தப் பாட்டில் கை நின்றது என்று மட்டும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாளில் அந்த ஆல்பத்தை வேறு எதுவும் செய்யாமல் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆல்பத்துக்கு மேல் வேண்டாம். நான்கு ஐந்து என்று ஓட்டினால் எது எதில் இருந்தது என்றே பிடிபடாது.

கேட்கும்போது எதைக் கவனிப்பது? எனக்கு இசை இலக்கணம் தெரியாது. – இல்லத்தரசி ஒருவர்

எனக்கும் தெரியாது. நான் கவனிப்பது இரண்டு விஷயம். ஒன்று, யார் வாசிக்கிறார்கள். உறையில் உள்ள பெயர்களைப் படியுங்கள். டிரம்ஸ் வாசிப்பவர் மாறினால் பாடுகிறவரின் நடையே மாறும்.

இரண்டாவது, ஒரே உருப்படியை அவர் மறுபடி எடுத்துக்கொள்கிற இடங்கள். வரிசையாகக் கேட்பவருக்குக் கிடைக்கிற மிகப்பெரிய பரிசு இது. பாடகி ஜோனி மிட்செல் 1969-இல் ‘போத் சைட்ஸ் நவ்’ பாட்டை ஒரு கிட்டாரோடு, உயர்ந்த குரலில், இருபதுகளின் வயதில் பாடினார். வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் பாட்டு அது. அந்த வயதில் அப்படிச் சொல்வதில் ஓர் அழகு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு, ஐம்பதுகளின் நடுவைத் தாண்டிய வயதில், முழு ஆர்கெஸ்ட்ராவோடு அதே பாட்டை மறுபடி பாடினார். குரல் எவ்வளவோ கீழே இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு கணம் நிற்கிறார். இடையில் உள்ள ஆல்பங்களை எல்லாம், ‘புளூ’, ‘கோர்ட் அண்டு ஸ்பார்க்’, ‘ஹெஜிரா’, ‘மிங்கஸ்’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தபோது நான் அழுதேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருந்தால் வியந்திருப்பேன், அவ்வளவுதான். நடுவில் அந்த முப்பது வருடத்தையும் நானும் கூடவே கடந்து வந்திருக்க வேண்டும்.

பியானோ கலைஞர் கிளென் கோல்ட் 1955-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ பதிவு செய்து பேர் வாங்கினார். 38 நிமிடம். 1981-இல் அதே இசையை மறுபடி பதிவு செய்தார், 51 நிமிடம். 1982-இல் அது வெளிவந்த கொஞ்ச நாளில் இறந்துபோனார். ரேடியோஹெட் குழு ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’ பாட்டை 1995-இல் மேடையில் கிட்டாரோடு பாடியது. ஸ்டுடியோ ஆல்பத்தில் அது இடம்பெற்றது 2016-இல், ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக, கிட்டார் போய் பியானோவோடு.

இதற்கு எந்த இலக்கணமும் வேண்டாம். நினைவு இருந்தால் போதும்.

பழைய ஆல்பங்கள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன? – பள்ளி மாணவன்

தட்டில் இடம் அவ்வளவுதான் இருந்தது, தம்பி. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். பாட்டு மூன்று நிமிடம் என்ற பழக்கத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 1948-இல் நீண்ட நேரத் தட்டான எல்.பி. வந்தது, ஒரு பக்கம் 22 நிமிடம் போல. அதனால்தான் அறுபது எழுபதுகளின் ஆல்பங்கள் நாற்பது நிமிடத்தைச் சுற்றியே இருக்கும். நடுவில் தட்டைத் திருப்ப வேண்டும் என்பதால் ஐந்தாவது ஆறாவது பாட்டில் ஒரு முடிவும் அடுத்ததில் ஒரு புதுத் தொடக்கமும் இருக்கும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார். நைஜீரியாவின் ஃபெலா குட்டி பல ஆல்பங்களில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு வைத்தார். 1982-இல் சி.டி. வந்து 74 நிமிடம் கிடைத்ததும் பலரும் அதை நிரப்பத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் ஆல்பங்களில் ஓர் இருபது நிமிடத்தைக் குறைத்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

எனக்கு ஒரு காதில் கேட்கும் திறன் குறைவு. சில பழைய பாட்டுகளில் பாதி இசை காணாமல் போகிறது. என்ன செய்வது? – ஓய்வுபெற்ற வாசகர்

எனக்கும் இடது காது பாதிதான் கேட்கும், அதனால் இதை அனுபவத்தில் சொல்கிறேன். பீட்டில்ஸ் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களின் ஸ்டீரியோ (இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு ஒலி) பதிவில் குரல்கள் ஒரு பக்கம், கருவிகள் மறுபக்கம். ஹெட்போனில் போட்டால் எனக்குக் குரல் மட்டும் தனியே நிற்கும், டிரம்ஸ் எங்கோ தூரத்தில் கேட்கும். வழி சுலபம்: போனின் அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதியில் ‘மோனோ ஒலி’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகி நல்ல காதுக்கு வந்துவிடும்.

அதைவிட நல்லது, மோனோவாகவே கலக்கப்பட்ட பதிவைத் தேடுவது. அறுபதுகளின் நடுவரை முக்கியமான பதிவு அதுதான், ஸ்டீரியோ பின்னால் ஒப்புக்குச் செய்தது. ‘சார்ஜண்ட் பெப்பர்’ (1967) மோனோ கலவைக்கு பீட்டில்ஸ் நால்வரும் கூட இருந்தார்கள். ஸ்டீரியோவை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டார்கள். 2009-இல் அவர்களுடைய மோனோ பதிவுகள் ஒரே பெட்டியாக வந்தன. அந்தக் காலத்தை ஒரு காதால் கேட்பதில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை, நம்புங்கள். ‘அபே ரோட்’, ‘லெட் இட் பீ’ இரண்டுக்கும் மட்டும் தனி மோனோ கலவை கிடையாது, அவற்றுக்கு போன் அமைப்புதான்.

ஸ்ட்ரீமிங் செயலியில் வருடங்கள் குழப்பமாக இருக்கின்றன. – மென்பொருள் துறை வாசகி

மறுவெளியீட்டு வருடத்தைப் போட்டுவிடுகிறார்கள். செயலியின் வரிசையை நம்பாமல், தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் வருடத்தோடு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். ஷஃபிளை அணையுங்கள். விரிவாக்கப் பதிப்பு என்று வருவதில் ஆல்பம் முடிந்ததும் டெமோக்கள் தொடரும். அசல் கடைசிப் பாட்டு எது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள்.

புதிய பதிப்பெல்லாம் கெடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். ‘கைண்ட் ஆஃப் புளூ’ முதல் நாள் பதிவின்போது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்தத் தட்டின் முதல் மூன்று உருப்படிகளும் பல பத்தாண்டுகளாகக் கொஞ்சம் கூடுதல் சுருதியில் ஒலித்துக்கொண்டிருந்தன. 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள்.

இளையராஜாவை இப்படிக் கேட்க முடியுமா? – பலர்

1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஆயிரம் படங்களுக்கு மேல். அத்தனையையும் கேட்டு முடித்தவர் இருந்தால் அவரைச் சந்திக்க ஆசைப்படுகிறேன். அதைவிடப் பெரிய சிக்கல், திரை இசையமைப்பாளரின் வேலையில் பாதி பாட்டுத் தட்டில் இல்லை. பின்னணி இசை படத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் படத்தைப் பார்ப்பதுதான் அவரை முழுசாகக் கேட்பது.

ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் மகேந்திரனோடு அவர் செய்த படங்களை ‘முள்ளும் மலரும்’ (1978), ‘உதிரிப்பூக்கள்’ (1979), ‘ஜானி’, ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (இரண்டும் 1980) என்று போகலாம். இன்னொரு வழி மணிரத்னம். 1983-இன் ‘பல்லவி அனுபல்லவி’யிலிருந்து 1991-இன் ‘தளபதி’ வரை அவருடைய எல்லாப் படத்துக்கும் இளையராஜா. 1992-இன் ‘ரோஜா’விலிருந்து ஏ.ஆர். ரஹ்மான். ஒரே கண் பார்த்த காட்சிகளுக்கு இரண்டு காதுகள் எப்படிப் பதில் சொல்கின்றன என்று வரிசையாகக் கேட்கலாம். ‘தளபதி’யையும் ‘ரோஜா’வையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். படமே இல்லாமல் வேண்டுமென்றால் ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988) இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது நீங்கள் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? – கல்லூரி மாணவி (மறுபடியும்)

பீத்தோவனின் பதினாறு நால்வர் இசைகளை, அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஒலிப்பதிவே இல்லாத காலம் என்பதால் எழுதிய வரிசைதான் இங்கே நமக்கு ஆல்பம் வரிசை. அதுவும் எண் வரிசையோடு ஒத்துப்போவதில்லை. ஓபஸ் என்பது படைப்புக்குத் தரும் வெளியீட்டு எண். ஓபஸ் 18 என்ற தொகுதியில் முதலில் எழுதியது மூன்றாம் எண். கடைசிக் காலத்தவற்றை 127, 132, 130, 131, 135 என்று கேட்க வேண்டும். 130-இல்தான் எனக்குத் தீராத ஒரு யோசனை. அதன் கடைசிப் பகுதியாக அவர் முதலில் எழுதியது பிரம்மாண்டமான ஒரு ஃப்யூக், அதாவது ஒரே மெட்டைக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னுகிற இசை வடிவம். கேட்டவர்கள் மிரண்டுபோனார்கள். பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால் அதைப் பிரித்து ஓபஸ் 133 என்று தனியாக வெளியிட ஒப்புக்கொண்டு, 130-க்கு வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். அந்தப் புது முடிவு 1826 இறுதியில், 135-ஐயும் முடித்த பிறகு எழுதியது. அவர் முழுசாக எழுதி முடித்த கடைசி இசைப்பகுதி அதுதான். அதனால் 130-ஐ ஃப்யூக்கோடு கேட்டுவிட்டு, 131, 135 முடித்து, கடைசியில் அந்த மாற்று முடிவை மட்டும் தனியாகப் போடப்போகிறேன். துள்ளலான இசை அது.

இப்போது ஓபஸ் 59-இல் இருக்கிறேன். சேர்ந்து கேட்க விருப்பமென்றால் 18-இன் மூன்றாம் எண்ணில் தொடங்கி வாருங்கள். 130-இன் முடிவை எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.